முகப்பு மட்டும் மிஞ்சிய தொழிற்சாலை

கோயில்களும் கோட்டைகளும் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்பதைக் கண்டு நாம் வியப்பதில்லை. நிற்பதற்கென்றே கட்டப்பட்டவை அவை. ஆலைகளின் நிலை வேறு. இயந்திரம் ஓடும்வரை ஆலைக்கு மதிப்பு. இயந்திரம் நின்ற மறுநாளே அது வெறும் நிலமாகி, அந்நிலத்தின் விலை கணக்கிடப்படுகிறது. வட இந்தியாவின் கான்பூரில் 1876இல் தொடங்கப்பெற்ற கம்பளி ஆலை, சிவந்த புளிய மரத்தைக் குறிக்கும் 'லால் இம்லி' என்னும் பெயரால் ஊராரிடம் வழங்கி, படைவீரர்க்குக் கம்பளி நெய்து, பின்னாளில் ஓசையடங்கிச் செங்கற் கட்டடமாக நின்றுவிட்டது. சென்னைப் பெரம்பூரின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைக்கோ அந்தப் பேறும் வாய்க்கவில்லை. திரு.வி.க. அவர்கள் தொழிலாளர்க்காகக் குரல் கொடுத்த அந்தப் பெரிய ஆலை 1996இல் மூடப்பட்டபின், பழைய தலைமுறையின் பேச்சில்தான் பெரும்பாலும் வாழ்கிறது.

சிங்கப்பூரின் வெயிலில் கம்பளி ஆலைக்கு இடமில்லை. ஆயினும் வேலை நின்றபின்னும் நிற்கும் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்று நமக்கும் உண்டு. புக்கிட் தீமாவில் இருக்கும் பழைய ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையே அது. அதைப்பற்றி எழுதச் சாங்கிவாசி ஒருவன் முன்வருவானேன் என்று வாசகர் வினவலாம். சாங்கி தீவின் கீழ்க்கோடி. அத்தொழிற்சாலையோ தீவின் நடுவே, மேற்குச் சாய்வில், ஒரு மேட்டின்மேல் இருப்பது. இரண்டுக்கும் இடையே பேருந்து மாறி மாறிச் செல்லவேண்டிய தொலைவு. ஆனால் நான் வாழும் பகுதிக்கு உலக வரலாற்றில் ஒரு பெயர் கிடைத்ததற்கு அந்தக் கட்டடத்தின் அறையொன்றில் இடப்பட்ட கையெழுத்தே காரணம். சாங்கிச் சிறையின் பழைய மதிலைக் கடக்குந்தோறும் அந்த மேட்டின் நினைவு எழுவதைத் தவிர்க்க முடிவதில்லை.

கட்டடத்தை முதலில் காண்போம். புக்கிட் தீமா மேல்சாலையிலிருந்து சரிவேறிச் சென்றால், நீண்டு தாழ்ந்த வெண்ணிற முகப்பு ஒன்று எதிர்ப்படும். கொரிந்தியத் தூண்களோ கொடிக்கருக்குகளோ இல்லை. அலங்காரம் என்று சொல்லத்தக்கவை நேர்கோடுகளும் அளவொத்த பிரிவுகளும், வெயிலையும் நிழலையும் தெளிவாகப் பிரித்துக்காட்டும் சமதளங்களுமே. 1930களில் உலகெங்கும் பரவிய ஆர்ட் டெக்கோ பாணி இது. வேகத்தையும் இயந்திரத்தையும் அழகென்று கொண்டாடிய காலத்தின் பாணி அது. 1932இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலும், 1937இல் திறக்கப்பட்ட காலாங் விமான நிலையத்திலும், 1939இல் எழுந்த கேத்தே கட்டடத்திலும் இப்பாணியின் சாயலை நம் நகரத்தார் கண்டு பழகியிருந்தனர். ரயிலுக்கு ஒன்று, விமானத்திற்கு ஒன்று, திரைப்படத்திற்கு ஒன்று என்று அமைந்த அவ்வரிசையில், மோட்டார் வண்டிக்கென எழுந்தது புக்கிட் தீமாத் தொழிற்சாலை.

வடிவமைத்தவர் எமில் பிரிசே என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர். காம்போங் பாரு சாலையில் இரட்டைக் கோபுரத்துடன் விளங்கும் புனித தெரசா தேவாலயமும் அவருடைய கைவண்ணமே. இறைவனுக்கு ஓர் இல்லமும் இயந்திரத்திற்கு ஓர் இல்லமும் ஒரே மனிதரின் வரைபலகையில் பிறந்திருக்கின்றன. தேவாலயத்திற்கு அவர் பழம்பாணியை நாடினார். தொழிற்சாலைக்கோ பழமையின் நிழல்கூட விழாமல் பார்த்துக்கொண்டார். கார் விற்கும் நிறுவனத்தின் முகம் புதுமையாக இருத்தல் வேண்டும் என்பது அக்கால வணிகர்களின் எண்ணமாயிருந்திருக்கக் கூடும்.

முகப்பை ஒட்டி அலுவலக அறைகள். அவற்றுக்குப் பின்னால் வண்டிகளைப் பொருத்தும் பெருங்கொட்டகை. தொழிற்சாலைக் கட்டடங்கள் பலவற்றிலும் இந்த இரட்டை அமைப்பைக் காணலாம். முன்னே வருவோர் காண்பதற்கு ஓர் எழிலான முகம்; பின்னே உழைப்போருக்கு ஓர் அகன்ற கூடம். முகத்தை வரைய ஒரு கலைஞன் வேண்டும். கூடத்திற்குத் தேவை வெளிச்சமும் காற்றும் தடையில்லாத தரைப்பரப்புமே. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். கட்டடத்தின் பிற்காலக் கதை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஃபோர்டு நிறுவனம் சிங்கப்பூருக்கு வந்தது 1926இல். அமெரிக்காவிலிருந்து நேராக வரவில்லை; கனடாவின் வழியே வந்தது. பிரிட்டிஷ் பேரரசுக்குள் ஒரு நாட்டுப் பொருள் மற்றொரு நாட்டுக்குச் சென்றால் சுங்க வரியில் சலுகை உண்டு. ஆகவே பேரரசின் நாடுகளுக்குக் கனடாவின் ஃபோர்டு நிறுவனமே வண்டிகளை அனுப்பிற்று. அதன் கிளையாகவே மலாயா ஃபோர்டு நிறுவனம் அமைந்தது. எங்கோர் தெருவின் ஒரு சிறு கடையில் தொடங்கி, பிரின்ஸ் எட்வர்ட் சாலைக்குப் பெயர்ந்து, அங்கும் இடம் போதாமல் போகவே, புக்கிட் தீமாவில் முழு அளவிலான தொழிற்சாலை கட்ட முனைந்தனர். தென்கிழக்காசியாவில் ஃபோர்டு அமைத்த முதற் கூட்டுத் தொழிற்சாலை என்று அது குறிக்கப்படுகிறது.

இடத்தேர்வைக் கவனித்தல் வேண்டும். 1923 முதல் ஜொகூர்ப் பாலம் தீவை மலாயாவுடன் இணைத்திருந்தது. அப்பாலத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலை தொழிற்சாலையின் வாசலிலேயே ஓடிற்று. 1932இல் மாற்றியமைக்கப்பட்ட ரயில் பாதையும் அருகிலேயே சென்றது. மலாயாவின் தோட்டத் துரைமார்களும் சுரங்க முதலாளிகளுமே பெரும் வாடிக்கையாளர்கள் என்னும்போது, வண்டியைக் கூட்டி முடித்து வடக்கு நோக்கி அனுப்ப இதைவிடப் பொருத்தமான மேடு கிடைப்பது அரிது. ஆனால் வடக்கு நோக்கி வண்டிகள் போகும் சாலை வழியே வடக்கிலிருந்து படைகளும் வரக்கூடும் என்பதை எவரும் எண்ணவில்லை போலும்.

ஃபோர்டும் காரும் நம் இனத்தாருக்குத் தொடர்பில்லாத செய்தி என்று கருதுவோர் இருப்பின், அவர்கள் ரப்பர் மரத்தின் வரலாற்றை ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும். 1908இல் ஹென்றி ஃபோர்டு தம் 'மாடல் டி' வண்டியை வெளியிட்டார். செல்வர்க்கு மட்டுமே உரியதாயிருந்த மோட்டார் வண்டி நடுத்தர மக்களின் வாசலுக்கு வந்தது. வண்டிக்குச் சக்கரம் வேண்டும். சக்கரத்துக்கு ரப்பர் வேண்டும். 1910ஆம் ஆண்டளவில் ரப்பரின் விலை வானைத் தொட்டது. சிங்கப்பூர்ப் பூமலையில் ரிட்லி என்னும் அறிஞர் ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பரப்பிய மரம், மலாயாவின் காடுகளையெல்லாம் விழுங்கித் தோட்டங்களாக விரிந்தது. அத்தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்றுதான் கங்காணிமார் தமிழகத்துச் சிற்றூர்களுக்குச் சென்றனர். திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் தென்னார்க்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத் துறைமுகம் வந்து கப்பலேறிய நம் பாட்டனும் பாட்டியும் ஃபோர்டு என்னும் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் விடியற்காலையில் அவர்கள் மரத்தைச் சீவிச் சேர்த்த பால், கடல் கடந்து சென்று, சக்கரமாகி, வண்டியில் ஏறி, அவர்கள் தோட்டத்துத் துரையின் பங்களா வாசலுக்கே திரும்பி வந்தது. புக்கிட் தீமா மேட்டில் எழுந்த வெள்ளைக் கட்டடத்தின் அடித்தளத்தில் தமிழன் சிந்திய வியர்வை உண்டு என்று நான் சொல்வது வெறும் உணர்ச்சியுரை அன்று, பொருளாதாரக் கணக்கு.

தொழிற்சாலை 1941 அக்டோபரில் கட்டி முடிந்தது. டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். புதுமனை புகுந்த இரண்டு மாதத்துக்குள் போர் வாசலுக்கு வந்துவிட்டது. கார்களைக் கூட்டவென்று அமைத்த கருவிகளைப் பிரிட்டிஷ் விமானப்படை எடுத்துக்கொண்டது. பெட்டிகளில் பகுதி பகுதியாக வந்திறங்கிய போர் விமானங்கள் அக்கூடத்தில் பொருத்தப்பட்டன. அவ்வாறு உருவான விமானங்கள் 1942 ஜனவரி இறுதியில் தீவைவிட்டே பறந்து போய்விட்டன. மலாயாவைக் காக்க அவற்றுள் ஒன்றுகூடப் பயன்படவில்லை.

ஜனவரி 31ஆம் நாள் ஜொகூர்ப் பாலம் தகர்க்கப்பட்டது. பிப்ரவரி 8ஆம் நாள் இரவு ஜப்பானியப் படைகள் தீவின் வடமேற்குக் கரையில் இறங்கின. மூன்று நாள்களுக்குள் புக்கிட் தீமா வீழ்ந்தது. ஜப்பானியத் தளபதி யமாஷிதா இத்தொழிற்சாலையைத் தம் தலைமையிடமாக்கிக் கொண்டார். நகருக்குள்ளோ நீர்க்குழாய்கள் உடைந்து, எரிபொருளும் வெடிமருந்தும் அருகி, குண்டுவீச்சில் மக்கள் மடிந்துகொண்டிருந்தனர். பிப்ரவரி 15 ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் சீனப் புத்தாண்டின் முதல்நாள். காலையில் கேனிங் கோட்டையின் நிலவறையில் கூடிய பிரிட்டிஷ் தளபதிகள் சரணடைய முடிவு செய்தனர். மாலை ஐந்து மணிக்குப்பின் தளபதி பெர்சிவலும் அவருடன் மூவரும் சரிவேறி இக்கட்டடத்தை நோக்கி நடந்தனர். ஒருவர் தோளில் வெள்ளைக் கொடி; மற்றொருவர் தோளில் பிரிட்டிஷ் கொடி. அந்த நடையைக் காட்டும் புகைப்படம் உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெற்றது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேச்சு நடந்து, ஆறு மணி கடந்து பத்து நிமிடத்தில் கையெழுத்தாயிற்று. இரவு எட்டரை மணிக்குப் பீரங்கிகள் ஓய்ந்தன.

தொழிற்சாலை நிர்வாகிகள் விற்பனைக் கணக்குப் பார்க்கும் கூட்ட அறை அது. அங்கே கிடந்த நீண்ட மேசைமேல்தான் 80,000க்கும் மேற்பட்ட போர்வீரர்களின் கதி எழுதப்பட்டது. பிரிட்டிஷ் பேரரசு வெல்ல முடியாதது என்று கீழ்நாட்டு மக்கள் மூன்று தலைமுறையாக நம்பிவந்த நம்பிக்கையும் அம்மேசையிலேயே முடிந்தது. அந்த மூல மேசை இன்று ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவின் போர் நினைவகத்தில் இருக்கிறது. புக்கிட் தீமாவில் நாம் காண்பது அதன் மாதிரி.

கையெழுத்தான இரண்டாம் நாள், அதாவது பிப்ரவரி 17இல், தோற்ற படையை ஜப்பானியர் இரண்டாகப் பிரித்தனர். பிரிட்டிஷாரும் ஆஸ்திரேலியரும் கிழக்கே சாங்கிக்கு நடக்கவேண்டும் என்பது கட்டளை. ஏறத்தாழ 50,000 பேர் மூட்டைமுடிச்சுகளைச் சுமந்துகொண்டு சாலைகளை அடைத்துச் சென்றனர். ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கிச் சிறைக்குள் அடைக்கப்பட்டனர். 1936இல் கட்டி முடித்த அச்சிறை 600 கைதிகளுக்கென அமைந்தது. நடுவே நெடிய தாழ்வாரம் ஓட, அதன் இருமருங்கும் அறைக் கட்டடங்கள் கிளைவிட்டுச் செல்லும் அமைப்பு. அவ்விடத்தில் ஏறத்தாழ 3,000 ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் 1944 மே மாதம்வரை நெருங்கி வாழ்ந்தனர். அவர்களை சைம் சாலை முகாமுக்கு மாற்றியபின் போர்க்கைதிகள் உள்ளே வந்தனர். சாங்கியின் கதை இதுவென்றே உலகம் அறியும். நூல்களும் திரைப்படங்களும் இதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டன.

அதே நாளில், இந்திய வீரர்களுக்கு வேறு கட்டளை. அவர்கள் பாரர் பார்க் திடலில் கூடவேண்டும். சிராங்கூன் சாலைக்கு மறுபக்கம், ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிய திடல் அது. குதிரைப் பந்தயம் 1933இல் வேறிடம் பெயரும்வரை அங்கேதான் நடந்தது. 1911இல் சிங்கப்பூரில் முதன்முதல் இறங்கிய விமானத்தை மக்கள் திரண்டு கண்டதும் அவ்விடமே. அத்திடலில் ஏறத்தாழ 45,000 இந்திய வீரர்கள் அமர்ந்திருக்க, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் சில சொற்களில் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டு அகன்றார். மேஜர் புஜிவாரா பேசினார். அடுத்து கேப்டன் மோகன் சிங் இந்திய விடுதலைக்கென ஒரு படை அமைக்க அழைத்தார். ஒரே தோல்வியில் ஒரே நாளில் தோழர்கள் இருவேறு திசையில் அனுப்பப்பட்டனர். வெள்ளையர்க்குச் சாங்கி; இந்தியர்க்குப் பாரர் பார்க்.

இதற்குமேல் நடந்தவற்றைச் சொல்லும்போது நம் எழுத்தாளர்கள் சிலர் ஒரு பகுதியைப் பெருமையோடு சொல்லி, மறுபகுதியை மெல்லக் கடந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். அது முறையன்று. மோகன் சிங்கின் அழைப்பை ஏற்றோர் பலர், ஏற்காதோரும் பலர். எடுத்த உறுதிமொழியை மீறமாட்டோம் என்று நின்ற வீரர்கள் கைதிகளாகவே இருந்து, அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் நியூகினி போன்ற தொலைவிடங்களுக்கு வேலையாட்களாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அழைப்பை ஏற்றோருள் சிலர் சாங்கி முகாம்களின் காவலுக்கு நிறுத்தப்பட்டனர். நேற்றுவரை உடன் நின்று போரிட்டவர்களுக்கே இன்று காவல். அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எந்தத் தரப்பின் வரலாறும் முழுமையாக எழுதிவிடவில்லை. கிராஞ்சிப் போர் நினைவுச் சுவர்களில் பொறிக்கப்பட்ட 24,000க்கும் மேற்பட்ட பெயர்களிடையே நம் நாட்டுப் பெயர்களைத் தேடிப் படிப்பவர்கள், அவற்றுள் எத்தனையோ வீரர்கள் பாரர் பார்க் திடலில் அன்று அமர்ந்திருந்தவர்கள் என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும்.

தோட்டத் தமிழருக்கோ அழைப்பும் இல்லை, விருப்பமும் கேட்கப்படவில்லை. ரப்பருக்குச் சந்தை அற்றுப்போயிற்று, அரிசி அருகிற்று. சயாம் பர்மா ரயில் பாதை அமைக்க அவர்கள் வண்டி வண்டியாக ஏற்றிச்செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவதற்குள் ஆசியத் தொழிலாளர் பல்லாயிரவர் காட்டில் மடிந்தனர். தமிழர் அவர்களுள் பெரும்பகுதியினர். ஃபோர்டு வண்டியின் சக்கரத்துக்குப் பால் எடுத்த கைகள், அத்தொழிற்சாலை மேசையின் தீர்ப்பினால் தண்டவாளக் கட்டை சுமந்தன.

தொழிற்சாலை அந்த மூன்றரை ஆண்டும் சும்மா இருக்கவில்லை. ஜப்பானின் நிசான் நிறுவனம் அதை ஏற்று, படைக்கான லாரிகளையும் வண்டிகளையும் கூட்டிற்று. நிறுவனத்தின் பெயர் மாறிற்று, கொடி மாறிற்று. கூடத்தின் வேலை மாறவில்லை. இயந்திரத்துக்கு நாட்டுப்பற்று கிடையாது. போர் முடிந்து, 1947இல் ஃபோர்டு மீண்டும் உற்பத்தியைத் தொடங்கியது.

அதன்பின் முப்பத்து மூன்று ஆண்டுகள். கட்டடத்தின் வாழ்நாளில் மிக நீண்ட பகுதி இதுதான். ஆனால் இதைப்பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. அதனாலேயே சற்று நின்று நோக்க விரும்புகிறேன். கூட்டுத் தொழில் என்பது, வெளிநாட்டிலிருந்து கலைத்துக் கட்டப்பட்டுப் பெட்டிகளில் வரும் பகுதிகளைப் பிரித்து ஒரு வண்டியாக்கும் தொழில். தகடுகளைப் பற்றவைத்து உடலாக்குவது ஒரு பிரிவு. துரு ஏறாமல் பூச்சுப் பூசி, தேய்த்து, மீண்டும் பூசிச் சூட்டில் உலர்த்துவது இன்னொரு பிரிவு. இயந்திரத்தை இறக்கிப் பொருத்துவோர், கம்பியிழுப்போர், இருக்கை தைப்போர், கண்ணாடி பதிப்போர் எனத் தனித்தனிக் கைகள். ஒருவர் தம் பங்கை முடித்தால்தான் அடுத்தவர் கைக்கு வண்டி நகரும். ஒருவர் பிந்தினால் வரிசை முழுவதும் நிற்கும். தீவின் மக்கள் மணியோசைக்கு வேலை செய்யும் தொழிற்சாலை ஒழுங்கைக் கற்ற இடங்களுள் இத்தகைய கூடங்களும் அடங்கும். ஜூரோங்கில் 1960களில் ஆலைகள் எழுவதற்கு முன்பே இக்கூடம் இயங்கிக்கொண்டிருந்தது என்பதை நம் தொழில் வரலாறு எழுதுவோர் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிறிய நாட்டின் சிறிய சந்தைக்காகக் கார் கூட்டுவது செலவு மிகுந்த தொழில். விடுதலைக்குப்பின் வேலைவாய்ப்பைப் பெருக்குவதற்காக, உள்நாட்டில் கூட்டிய வண்டிகளுக்கு வரிப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. 1970களின் இறுதியில் நாடு வேறு தொழில்களை நோக்கித் திரும்பியபோது அந்தப் பாதுகாப்பு விலகிற்று. 1980இல் ஃபோர்டு தன் கதவுகளை மூடியது. குண்டு வெடிக்கவில்லை, கொடி இறங்கவில்லை, புகைப்படக்காரர் எவரும் சரிவேறி வரவில்லை. வேலை செய்தோர் வேறு வேலை தேடிச் சென்றனர். அந்தத் தீவில் அன்று வேறு வேலைகள் கிடைத்தன என்பது அவர்களுடைய நற்பேறு.

1983இல் நிலம் ஹோங் லியோங் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 1990களின் நடுப்பகுதியில் பின்புறக் கூடம் இடிக்கப்பட்டு அவ்விடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. முகப்பும் அலுவலகப் பகுதியும் மட்டும் அரசின் பொறுப்புக்கு வந்தன. 2006 பிப்ரவரி 15ஆம் நாள், சரணடைந்ததன் அறுபத்து நான்காம் ஆண்டு நிறைவன்று, அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, மறுநாள் தேசிய ஆவணக் காப்பகத்தின் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2017இல் புதுப்பித்துத் திறந்தபோது அதற்கு 'சியோனான்' என்னும் பெயரைச் சேர்த்து வைத்தனர். 'தெற்கின் ஒளி' என்று பொருள் கூறி ஜப்பானியர் இத்தீவுக்குச் சூட்டிய பெயர் அது. முதியோர் மனம் நொந்தனர். மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். சில நாள்களுக்குள்ளேயே பெயர் மாற்றப்பட்டது. எழுபத்தைந்து ஆண்டு கழிந்தும் ஒரு சொல் அவ்வளவு சுடுமா என்று இளைஞர் சிலர் கேட்டனர். சுடும். அச்சொல்லைத் தம் அடையாளச் சீட்டில் சுமந்து நடந்தவர்கள் அன்று நம்மிடையே உயிரோடு இருந்தனர்.

முகம் காத்து உடல் நீக்கும் வழக்கம் இக்கட்டடத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. நான் வாழும் சாங்கியில், பழைய சிறை 2004 முதல் இடிக்கப்பட்டபோது, நுழைவாயிலும் ஏறத்தாழ 180 மீட்டர் மதிலும் அதன் இரு மூலைக் காவற்கோபுரங்களும் மட்டும் காக்கப்பட்டன. 2016 பிப்ரவரி 15இல் அவை தேசிய நினைவுச்சின்னமாயின. மதில் இருக்கிறது, மதிலுக்குள் மனிதர் வாழ்ந்த அறைகள் இல்லை. கேத்தே கட்டடத்தின் கதையும் இதுவே. 1943 அக்டோபர் 21இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தற்காலிகச் சுதந்திர இந்திய அரசை அறிவித்தது அதன் அரங்கில்தான். மறுநாள் ஜான்சிராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். அப்படைக்குத் தலைமை தாங்கிய சென்னைப் பெண்மணி மருத்துவர் லட்சுமி, பின்னாளில் மணம் புரிந்து கான்பூரில் குடியேறினார். முதலில் குறித்த அந்தக் கம்பளி ஆலையின் ஊரிலேயே ஏழை மக்களுக்கு மருத்துவம் செய்து 2012இல் மறைந்தார். அவர் நினைவைச் சுமக்கவேண்டிய கேத்தே அரங்கம் இன்றில்லை. தெருவை நோக்கிய முகப்பு மட்டும் புதுக் கட்டடம் ஒன்றுக்கு முகமூடியாக நிற்கிறது.

நிலம் அருகிய தீவில் எல்லாவற்றையும் காக்க இயலாது என்பதை நான் அறியாதவனல்லன். வீடின்றித் தவித்த மக்களுக்கு வீடு கொடுத்த நாடு இது. பழஞ்சுவர்களுக்காக அழுதுகொண்டிருந்தால் அது நடந்திராது. ஆயினும் எதைக் காப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது எத்தகைய மனிதர் நிலைபெறுகின்றனர், எத்தகைய மனிதர் மறைகின்றனர் என்னும் கேள்வி எழாமல் இராது. தளபதிகள் ஒரு மணி நேரம் அமர்ந்த அறை நிலைத்தது. தொழிலாளர் முப்பது ஆண்டுக்குமேல் நின்று உழைத்த கூடம் மறைந்தது. காட்சியகம் போரையும் ஆக்கிரமிப்புக் காலத்துத் துன்பத்தையும் செம்மையாக எடுத்துரைக்கிறது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தத் தொழிலைக் காண விரும்பி உள்ளே செல்வோர் ஏமாற்றத்தோடு திரும்ப நேரும்.

பாரர் பார்க்கின் நிலை இன்னும் வேறு. அங்கே காப்பதற்கு முகப்பும் இல்லை, மதிலும் இல்லை. வானம் பார்த்த திடல், அவ்வளவே. வரலாறு கட்டடத்துக்குள் நடந்தால் சுவராவது மிஞ்சும். புல்தரையில் நடந்தால் என்ன மிஞ்சும்? எஸ்பிளனேடில் 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டி எழுப்பிய இந்திய தேசிய ராணுவ நினைவுத் தூணைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தனர். அவ்விடத்தில் ஓர் அடையாளக் கல் நிறுவப்பட ஐம்பது ஆண்டு ஆயிற்று. பாரர் பார்க் திடலில் அடுக்குமாடி வீடுகள் கட்டும் திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டது. விளையாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் அவ்விடம் தந்த நினைவுகளைப் போற்றவேண்டும் என்று அப்போது பலரும் பேசினர். 1942 பிப்ரவரி 17ஆம் நாள் அங்கே அமர்ந்திருந்த 45,000 பேரைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலரே.

கடைசியாக நான் புக்கிட் தீமாவுக்குச் சென்றது ஒரு வார நாளின் பிற்பகல். பள்ளி மாணவர் கூட்டமொன்று மேசையின் மாதிரியைச் சுற்றி நின்று, எந்தப் பக்கம் எவர் அமர்ந்தார் என்று தமக்குள் வழக்காடிக்கொண்டிருந்தது. நான் வெளியே வந்து கட்டடத்தின் பக்கவாட்டில் நடந்து, பின்புறம் கூடம் இருந்த திசையைப் பார்த்தேன். வேலிக்கப்பால் குடியிருப்பின் மாடிகளில் துணிகள் காய்ந்தன. கீழே, நிழலில், கார்கள் வரிசையாக நின்றிருந்தன.